அத்தையிடம் கேட்ட கேள்வி

வீட்டைப் புதுப்பிக்கிறவர்கள் டைல்ஸுக்கு நாலு கடை ஏறி இறங்குவார்கள். அடுப்பு மட்டும் கடைசியில்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால், மேடையில் பதிக்கிற 'ஹாப்' அடுப்பு என்றால் கிரானைட்டை வெட்டுவதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும். வெட்டிய கல்லை ஒட்ட வைக்க முடியாது.

படூரில் ஒரு வீட்டில் இந்தச் சிக்கல் வந்தது. ஓ.எம்.ஆர். பக்கம் வேலைக்குப் போகும் மருமகளுக்கு நாலு பர்னர் ஹாப் மீது ஆசை. எழுபதை நெருங்கும் மாமியார், “உன் இஷ்டம்மா” என்று ஒதுங்கிக்கொண்டார். கல் வெட்டுகிறவர் அளவு கேட்டு நின்றபோதுதான் மருமகளுக்குத் தோன்றியது.

“பகல் முழுக்க நீங்கதானே அத்தை சமைக்கிறீங்க? இப்ப இருக்கிற அடுப்புல உங்களுக்கு என்ன கஷ்டம்?”

மாமியார் கொஞ்சம் தயங்கினார். “இப்பல்லாம் கேஸ் வாசனை எனக்குச் சரியாத் தெரியறதில்லம்மா. பால் பொங்கி அணைஞ்சாக்கூட யாராவது வந்து சொன்னாத்தான் உண்டு.”

அதன் பிறகு டிசைன் பேச்சே எழவில்லை. தீ அணைந்தால் கேஸைத் தானே நிறுத்தும் வசதி உள்ள அடுப்பைத் தேடினார்கள். இதில் பர்னர் பக்கத்தில் சின்னக் கம்பி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அது சூடாக இருக்கும்வரைதான் வால்வு திறந்திருக்கும், ஆறினால் மூடிக்கொள்ளும். பற்றவைக்கும்போது குமிழைச் சில விநாடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும். மாமியார் இரண்டே நாளில் பழகிக்கொண்டார்.

வீட்டு இட்லிப் பானையையும் தோசைக்கல்லையும் அளந்துகொண்டு கடைக்குப் போனார்கள். நாலு பர்னரில் இரண்டும் இடித்துக்கொள்ளும் என்று தெரிந்ததும் மூன்று பர்னரே போதும் என்று முடிவானது. ஹாப் மேடையோடு படிந்திருப்பதால், குக்கரை இறக்க மாமியார் தோளை உயர்த்த வேண்டியதில்லை.

நீங்களும் வாங்கப் போகிறீர்களா? ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். அதனால் சிலிண்டர் அலமாரியின் கீழ்ப்பக்கம் காற்றுவழி கட்டாயம் வேண்டும். பின்னால் குழாய் எரிவாயு இணைப்பு வாங்கும் எண்ணம் இருந்தால், ஜெட் மாற்ற முடியுமா என்று இப்போதே கேட்டுவிடுங்கள். சிலிண்டர் கசிவுக்கான அவசர எண் 1906. அதைச் சமையலறைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

அதற்கெல்லாம் முன்னால், உங்கள் வீட்டில் அதிக நேரம் அடுப்படியில் நிற்பவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுங்கள். “உன் இஷ்டம்” என்று சொன்னால், இன்னொரு முறை கேளுங்கள்.