சுராங்கனியும் எங்க டூர் பஸ்ஸும்

கொடைக்கானல் டூர். எங்க ஊர் மணப்பாறையில் முறுக்கு வாங்கிக்கொண்டு பஸ் கிளம்பியதும், கடைசி சீட்டில் யாரோ சுராங்கனியை ஆரம்பித்தார்கள். மொத்த பி.காம். வகுப்பும் கைதட்டியது. நான் அதை சினிமா பாட்டு என்றே நினைத்திருந்தேன். 1977-ல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா போட்டதாச்சே!

"அது எங்க ஊர் பாட்டுடா" என்றான் பக்கத்து சீட் நண்பன். கொட்டப்பட்டு முகாமில் பிறந்தவன். இலங்கையைப் பார்த்ததே இல்லை. அவன் அப்பா சிங்களத்திலேயே பாடுவாராம்.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். அந்தச் சிங்களப் பாட்டைப் பாடிப் பிரபலமாக்கியவர் ஏ.ஈ.மனோகரன், தமிழர். 2018-ல் சென்னையில் காலமானார். பாட்டின் தாளம் பைலா. 'ஆடுவது' என்ற பொருளுள்ள போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்த பெயர். போர்த்துக்கீசியரும் அவர்கள் கூட்டிவந்த ஆப்பிரிக்கர்களும் விட்டுப்போன ஆட்டம். 1960-களில் கிட்டார் குழுக்கள் கரீபியத் தீவுகளின் கலிப்ஸோவையும் அதில் சேர்த்தன.

மறுநாள் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "அவ்வளவு நடந்தப்புறமும் உங்கப்பா எப்படிடா சிங்களத்துல பாடறார்?"

"பாட்டு என்னடா பண்ணுச்சு?" என்றான்.

இப்போதெல்லாம் சுராங்கனிக்கு அவன்தான் முதல் அடி எடுத்துக் கொடுக்கிறான், சிங்களத்தில். அர்த்தம் கேட்டால் சிரிக்கிறான். "மீன் கொண்டு வந்திருக்கேன்னு பாடறோம்டா, அவ்வளவுதான்."