35-க்குப் பிறகு

குச்சனூர் போயிருக்கிறீர்களா? தேனி மாவட்டத்தில், சுரபி நதிக்கரையில் சனீஸ்வரர் கோயில் கொண்ட ஊர். அந்த ஊர்க்காரரான என் பெரியப்பாவுக்குத் தொண்டையில் புற்றுநோய்.

மதுரையில் கதிர்வீச்சு. வாரத்துக்கு 5 நாள், மொத்தம் 35. பி.காம். படித்தவன் அல்லவா, காலண்டரில் அடித்துக்கொண்டே வந்தேன். மூன்றாவது வாரம் வாயெல்லாம் புண். எச்சில் வற்றி, பெரியம்மா வைத்த ரசம்கூட மண்ணாக ருசித்தது.

35-ஆம் நாள், "முடிஞ்சிருச்சு பெரியப்பா, இனிமே நல்லா சாப்பிடலாம்" என்றேன்.

அடுத்த பத்து நாள்தான் கொடுமை. தண்ணீர் விழுங்கவே கண் கலங்கியது. பேச முடியாமல் சிலேட்டில் எழுதிக் காட்டினார்: 'முடிஞ்சுதுன்னியேடா?'

கதிர்வீச்சு நின்றாலும் அதன் வேலை நிற்பதில்லை. புண் பெரும்பாலும் அதற்கடுத்த ஓரிரு வாரங்களில்தான் உச்சத்துக்குப் போய், பிறகு மெதுவாக ஆறும். டாக்டரிடம் நான் முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

1886-இல் தொண்டைப் புற்றுநோயால் மறைந்த ராமகிருஷ்ண பரமஹம்சருக்குப் பக்குவம் பார்த்துச் சமைத்துக் கொடுத்தவர் சாரதா தேவி. அன்று வேறு வழி குறைவு. இன்று சாப்பாட்டுக்கு முன் கொடுக்க வலி மருந்து இருக்கிறது. தயங்காமல் கேட்டு வாங்குங்கள். மூக்கு வழியே குழாய் போட்டால் பயப்படாதீர்கள். 'குழாய்னா கடைசி' என்று அழுத பெரியம்மாவே அதில் வேளாவேளைக்குக் கஞ்சி ஊற்றினார்.

குழாயை எடுத்த பிறகு ஒருநாள், அரை டம்ளர் கேப்பைக் கூழை ஒரு மணி நேரம் குடித்தார் பெரியப்பா. சிலேட்டை எடுத்து நீட்டினேன். தள்ளிவிட்டு, கரகரத்த குரலில் சொன்னார்:

"உப்பு கம்மிடா!"