எல்லா அடியும் என் அடிதான்

மாசியில் ரப்பர் மரம் இலை உதிர்க்கும். இலங்கையில் வரக்காப்பொலப் பக்கத்துத் தோட்டங்களில் காமன் கூத்துக்குத் தப்புப் பறை காய்ச்ச அந்தச் சருகுதான் வசதி. குப்பென்று பிடித்துச் சட்டென்று அடங்கும். இங்கே காற்றெல்லாம் ஈரம். தோல் சீக்கிரம் தொய்ந்து ‘தொப்’ என்னும். தீயில் காட்டி, விரல் முட்டியால் தட்டித் தட்டிப் பார்த்தால் ஒரு நிலையில் ‘கண்’ என்று எழும்பும். அதற்கு மேலே காட்டினால் வெடிக்கும். அந்த நிலையைப் பிடிக்கக் காது வேண்டும், சாதி உதவாது.

தப்படிக்கும் எங்களைக் குறுக்கப் பார்ப்பவர்களில் பழைய ஆட்களுக்குத் தப்பு என்றாலே சாவு வீடுதான். அந்தக் காலத்தில் விடியுமுன், வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்கு லயத்தை எழுப்பியதும், ரதி மதன் கலியாணத்துக்கு ஓர் அடி, சிவன் மதனை எரிக்கையில் வேறோர் அடி என்று கூத்தையே நடத்திப்போவதும் இதே தப்புதான் என்பது அவர்களுக்கு வசதியாக மறந்துபோகும். வாசலில் நிறுத்தித் தேத்தண்ணி நீட்டுவார்கள். நான் வாங்குவதில்லை.

நல்லெண்ணக்காரர்களைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. “அண்ணே, மேடைக்கு வாங்க. சாவு அடிய மட்டும் விட்டுருங்க, மரியாதையா இருக்கும்” என்றார் கொழும்பிலிருந்து வந்த தம்பி ஒருவர். நியாயம் இல்லாமலில்லை. தமிழ்நாட்டில் சிதம்பரம் பக்கம் தலித் தலைவர் எல். இளையபெருமாள், சாவுக்குப் பறையடிக்கக் கூடாது என்று இயக்கமே நடத்தினார். அங்கே அது கட்டாய ஊழியம், மறுத்ததுதான் வீரம். யாரும் ஏவாமல் என் சித்தப்பா சாவுக்கு நான் அடித்தது எந்தக் கணக்கில் சேரும்?

தொழிலில் கடினமான அடியும் அதுதான். பாடை தூக்குபவர்களின் நடையோடு போகவேண்டும். ஏற்றத்தில் அவர்கள் கால் மாற்றும்போது வலக்கைக் குட்டைக் குச்சி காத்திருக்கும். இடக்கை நீளக் குச்சி மட்டும் தோலைத் தொட்டுக்கொண்டே வரும். வேகமாக அடிக்கச் சின்னப் பையனுக்கும் வரும். இந்தக் காத்திருப்பு வர வருசங்கள் ஆகும்.

இந்தப் பக்கத்துச் சிங்களவரின் சபரகமுவ ஆட்டத்துக்குத் தவுல என்ற மேளம்தான் உயிர். அதை வாசிக்கும் சிங்கள நண்பர் ஒருவருக்கும் சாதிப்பேச்சு புதிதல்ல. அந்தத் தம்பி சொன்னதைச் சொன்னேன், சிரித்தார். பிறகு, ஏற்றத்தில் கை எப்படி நிற்கிறதென்று காட்டச் சொன்னார்.

2025இல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்த செய்தியை எனக்கு அனுப்பியதும் அதே கொழும்புத் தம்பிதான். சந்தோசம். வருகிறேன், ஆனால் சாவு அடியும் நிகழ்ச்சி நிரலில் இருக்கவேண்டும் என்று பதில் போட்டேன். கமிட்டியில் பேசிவிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.