'டிரைவ் காலி' என்றது கம்ப்யூட்டர்

வீட்டுப் பரண்லயோ பீரோவுலயோ பழைய ஸ்கேன் சிடி கிடக்குதா? கம்ப்யூட்டர் படிக்கலைன்னு தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி இந்த த்ரெட்டைப் படிச்சிடுங்க. கொஞ்சம் நீளம்தான். கல்யாண டிவிடி வச்சிருக்கிறவங்களுக்கும் உதவும்.

மளிகைக்கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர், வயது அறுபதைத் தாண்டியவர், மகளோடு வந்தார். விடாத இருமலுக்கு எடுத்த சிடி ஸ்கேனில் வலது நுரையீரலில் 9 மில்லிமீட்டர் அளவில் ஒரு முடிச்சு. இருபது வருடம் பீடி பிடித்தவர். இந்த அளவில், இந்தப் பின்னணியில், ஊசி விட்டுத் திசு எடுத்துப் பார்ப்பதா என்ற பேச்சு வந்தே தீரும். அதில் நுரையீரலைச் சுற்றிக் காற்று கசியும் ஆபத்து உண்டு. அதைச் சொன்னதும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"இதுக்கு முன்னாடி நெஞ்சுல ஸ்கேன் எதாச்சும் எடுத்திருக்கீங்களாய்யா?"

மகள்தான் பதில் சொன்னார். "2016ல வண்டியில இருந்து விழுந்தப்ப எடுத்தது சார். ரிப்போர்ட் தொலைஞ்சு போச்சு. இது மட்டும் இருக்கு." பையிலிருந்து ஒரு சிடியை எடுத்தார்.

அந்த நிமிடம் அந்த சிடி எனக்குத் தங்கம். ஏன் என்றால், கெட்டியான முடிச்சு ஒன்று இரண்டு வருடத்துக்கு மேல் அளவு மாறாமல் இருந்தால், பெரும்பாலும் அது புற்றுநோய் இல்லை. பழைய படத்தில் இதே முடிச்சு இதே அளவில் இருந்தால் ஊசியே தேவைப்படாது.

என் லேப்டாப்பில் சிடி போடும் இடம் கிடையாது (இப்போது யாருடையதில் இருக்கிறது?). யுஎஸ்பி டிரைவ் ஒன்று வைத்திருக்கிறேன். பழைய பாட்டு சிடிகளை எம்பி3 ஆக்குவது என் ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம். அதற்கான ரிப்பிங் மென்பொருளைத் திறந்து சிடியைப் போட்டேன். ஒரு சுழற்சி, டிக் டிக் என்று சத்தம், பிறகு அமைதி. திரையில்: 'டிரைவ் காலி. டிஸ்க்கைச் செருகவும்.'

மகள் என்னைப் பார்த்தார். "அழிஞ்சு போச்சா சார்?"

இங்கேதான் நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள்.

டிஸ்க்கைப் போட்டதும் உள்ளே லேசர் லென்ஸ் மேலும் கீழும் அசைந்து, அனுப்பிய ஒளி திரும்பி வருகிறதா என்று தேடும். சிடிக்கு 780 நானோமீட்டர் ஒளி, டிவிடிக்கு 650. (ஒரு டிரைவ் சிடியை நன்றாகப் படித்து, டிவிடியை மட்டும் காலி என்றால் டிவிடிக்கான லேசர் பழுதாகியிருக்கலாம்.) ஒளி திரும்பினால், அடுத்து நடு ஓட்டையை ஒட்டிய உள்வட்டத்துக்குப் போய், டிஸ்க்கில் எது எங்கே இருக்கிறது என்ற பொருளடக்கத்தைப் படிக்கும். இந்த இரண்டில் எது தவறினாலும் மேலே வரும் செய்தி ஒன்றுதான்: காலி. மற்ற 99 பங்கு நன்றாக இருந்தாலும் உள்வட்டத்தில் ஒரு கறை போதும். நாடி கைக்குக் கிடைக்கவில்லை என்றால் ஆள் இறந்துவிட்டார் என்று எழுதிவிடுவோமா?

பிபி மெஷின் விபரீதமாக ஏதாவது காட்டினால் முதலில் என் கையிலேயே கட்டிப் பார்ப்பேன். இங்கேயும் அதேதான். நன்றாக இருக்கிறது என்று தெரிந்த ஒரு பாட்டு சிடியைப் போட்டேன். ஒரு முறை படித்தது, அடுத்த முறை காலி என்றது. ஆக, டிரைவிலேயே கோளாறு. ஒரே ஹப்பில் மவுஸ், பென்டிரைவ், பிரிண்டர் எல்லாம் சொருகியிருந்தேன். டிரைவ் சுழல மின்சாரம் போதவில்லை. லேப்டாப்பிலேயே நேராகச் சொருகியதும் பாட்டு சிடி ஒவ்வொரு முறையும் ஒழுங்காக வந்தது.

பெரியவரின் சிடி மட்டும் இன்னும் காலி.

சரி, நோயாளியைப் பார்ப்போம் என்று சிடியை ட்யூப்லைட்டுக்கு எதிரே பிடித்தேன். இதைக் கவனியுங்கள்: சிடியில் தகவல் இருப்பது பளபளக்கும் அடிப்பக்கத்தில் இல்லை. பெயர் எழுதும் மேல்பக்கத்துக்கு மிக அருகில். அடியில் இருப்பது 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக். அதில் கீறல் விழுந்தால் மெருகேற்றிக்கூடச் சமாளிக்கலாம். மேல்பக்கம் சுரண்டப்பட்டு, அதன் வழியே வெளிச்சம் ஊசிமுனையாகத் தெரிந்தால் அந்த இடத்துத் தகவல் போனதுதான். மேலே ஒட்டிய ஸ்டிக்கரைப் பிய்த்தால், பளபளப்பும் அதோடு உரிந்து வரும்.

மேல்பக்கம் தப்பியிருந்தது. அடிப்பக்கத்தில், நடு ஓட்டையைச் சுற்றி, பழைய செலோடேப்பின் பசை. யாரோ கவரோடு சேர்த்து ஒட்டியிருக்கிறார்கள்.

சோப்பு ஒரு சொட்டு, தண்ணீர், மெல்லிய பருத்தித் துணி. வட்டமாகத் தேய்க்கக் கூடாது. நடுவிலிருந்து வெளியே நேர்க்கோடாகத் துடைக்க வேண்டும். தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கமே போகாதீர்கள், பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். சானிடைசரும் வேண்டாம், பலவற்றில் கிளிசரின் இருக்கும், படலம் விட்டுவிடும்.

மறுபடி போட்டேன். நன்றாகச் சுழன்றது. மென்பொருள்? காலி!

இந்த முறை தவறு என்னுடையது. நான் திறந்து வைத்திருந்தது பாட்டு ரிப் பண்ணும் மென்பொருள். அது தேடுவது பாட்டுகளை. ஸ்கேன் சிடியில் இருப்பது கோப்புகள். மல்லிகைப்பூ வாங்க மருந்துக்கடையில் போய் நின்ற கதை. விண்டோஸில் டிரைவைத் திறந்தால் டைகாம் கோப்புகள் வரிசையாக நிற்கின்றன.

(கல்யாண டிஸ்க்காரர்களுக்கு: விசிடியை டிவிடி ரிப்பரில் போட்டாலும் இப்படி ஆகலாம். உள்ளே எம்பெக்ஏவி என்ற ஃபோல்டரைப் பாருங்கள், விஎல்சியில் ஓடும். கேம்கார்டரில் நேரடியாகப் பதிந்து 'ஃபைனலைஸ்' செய்யாத டிவிடியும் கம்ப்யூட்டருக்குக் காலியாகத் தெரியும். அதே கேமராவில் போட்டு ஃபைனலைஸ் செய்ய வேண்டும்.)

கோப்புகளை இழுத்துப் போட்டால் பாதியில் உறைந்தது. அதனால் டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருளில் விட்டேன். படிக்க முடிந்ததை முதலில் எடுத்துக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடத்துக்குப் பிறகு திரும்பி வரும். இரவு முழுக்க ஓடியது. ஒரு டிரைவ் தோற்ற இடத்தில் இன்னொன்று ஜெயிக்கும் என்பதால், காலையில் எங்கள் ரெக்கார்டு ரூம் பழைய டெஸ்க்டாப்பில் மீதியை ஓடவிட்டேன். சில படங்கள் கடைசிவரை கிடைக்கவில்லை. நமக்கு வேண்டிய இடம் கிடைத்தது.

அந்த மருத்துவமனையிலேயே கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டார்கள். படம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். 2002 மருத்துவக் கவுன்சில் விதிப்படி உள்நோயாளி பதிவுகளை 3 வருடம்தான் வைத்திருக்க வேண்டும். அந்தக் காலத்துக்குள் நீங்கள் கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும். ஆகவே டிஸ்சார்ஜ் ஆனதுமே வாங்கி, பென்டிரைவில் ஒன்று, போனில் ஒன்று என்று வையுங்கள்.

ரேடியாலஜிஸ்ட் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தார். அதே இடம், அதே வடிவம். 2016ல் 9 மில்லிமீட்டர். இப்போதும் 9.

"அப்ப ஊசி?" என்றார் பெரியவர்.

"வேண்டாங்கய்யா. இருமலுக்கு மட்டும் பார்ப்போம்."

அவர் எதுவும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துண்டால் ரொம்ப நேரம் துடைத்துக்கொண்டிருந்தார். மகள் சிடியை வாங்கி, பால்பாயிண்ட் பேனாவை எடுத்து அதன் மேலேயே 'அப்பா 2016' என்று எழுதப் போனார்.

"அம்மா, அம்மா... கவர் மேல எழுதுங்கம்மா!"