காட்பாடியில் இறங்கினால்... நர்சிங் சிலபஸ்!

ப்ளஸ் டூ முடிச்சாச்சு. அப்ளிகேஷன் ஃபாரத்துல 'பி.எஸ்சி. நர்சிங்'னு எழுதலாமா வேணாமான்னு பேனாவைக் கடிச்சிட்டு இருக்கீங்களா? ப்ராஸ்பெக்டஸைக் கொஞ்ச நேரம் மூடி வைங்க. ஒரு நாள் வேலூர் வந்துட்டுப் போங்க. நாலு வருஷப் பாடம் எங்கெங்கே நடக்குதுன்னு ஒரு ரவுண்டு பார்த்துடலாம்.

சென்னையிலிருந்து ரயில்ல வந்தா காட்பாடியில இறங்கணும். அங்கேயிருந்து டவுன் பஸ். பாலாற்றுப் பாலம் வரும். ஆத்துல தண்ணி ஓடினா அன்னிக்கு உங்களுக்கு லக்! ஐடா ஸ்கடர் ரோட்டுல கால் வெச்சதும், 'கொல்கத்தாவுக்கு வந்துட்டோமோ?'ன்னு ஒரு டவுட் வரும். லாட்ஜ், மெஸ், மருந்துக்கடை... பாதி போர்டுல வங்காள எழுத்து. சி.எம்.சி. மருத்துவமனைக்காக அவ்வளவு தூரத்துலேர்ந்து குடும்பத்தோட வந்து, ரூம் எடுத்து, சமைச்சு சாப்பிட்டு, வாரக்கணக்கில் தங்கியிருக்கிறவங்க இவங்க.

முதல் செமஸ்டர்ல அனாடமி, ஃபிசியாலஜியோட சோஷியாலஜி, சைக்காலஜியும் உண்டு. 'ஊசி போடுற வேலைக்கு சோஷியாலஜி எதுக்குப்பா?'ன்னு கேக்கிறவங்க, இந்தத் தெருவுல பத்து நிமிஷம் நின்னு பாருங்க. மொழி தெரியாத ஊர்ல, அப்பாவை ஆபரேஷனுக்கு அனுப்பிட்டு வாசல்ல உட்கார்ந்திருக்கிற பையன்கிட்ட என்ன பேசுவீங்க? அந்தப் பேப்பர் அதுக்குத்தான்.

இந்த ஊருக்கும் நர்சிங் படிப்புக்கும் பழைய பந்தம். ஐடா ஸ்கடர் 1900-ல் இங்கே ஒரே ஒரு படுக்கையோடு வைத்தியம் ஆரம்பித்தார். 1909-ல் நர்சிங் பள்ளி வந்தது. 1946-ல் அது டிகிரி கல்லூரி ஆனது. அதே வருஷம் டெல்லியிலும் ஒரு கல்லூரி பட்டப்படிப்பைத் தொடங்கியது. நர்சிங்கில் டிகிரி என்ற பேச்சே இந்தியாவில் அங்கிருந்துதான் ஆரம்பம்.

அந்த அம்மா டாக்டரானதற்குக் காரணம் திண்டிவனத்தில் ஒரு ராத்திரி. பிரசவ வேதனையில் மூன்று பெண்கள். ஐடாவின் அப்பா டாக்டர்தான், ஆனால் ஆண் டாக்டர் வேண்டாம் என்று மூன்று வீட்டிலும் மறுத்துவிட்டார்கள். விடிவதற்குள் மூன்று பேரும் இறந்துபோனார்கள்.

இதை ஏன் சொல்றேன்னா, நர்சிங் மாணவர்கள் கையில் ஒரு பிரசவ கேஸ் புக் இருக்கும். பழைய பாடத்திட்டப்படி 30 கர்ப்பிணிகளைப் பரிசோதிக்கணும், 20 சுகப்பிரசவம் தானே பார்க்கணும், பிரசவமான 20 தாய்மார்களைக் கவனிக்கணும். ஒவ்வொண்ணையும் எழுதி டீச்சர்கிட்ட கையெழுத்து வாங்கணும். செமஸ்டர் முறையோட 2021-ல் வெளியான புதுப் பாடத்திட்டத்துல கணக்கெல்லாம் மாறியிருக்கு. ஆனா எண்ணி எழுதிக் காட்டணும்கிற விதி மாறலை. லேபர் ரூமுக்குள்ள உங்களை விட மாட்டாங்க, விடவும் கூடாது. வெளியிலிருந்தே பார்த்துக்கோங்க.

கணக்கு பிடிக்காதுன்னு நர்சிங் பக்கம் வர்றவங்களுக்கு ஒரு ஷாக். 8 மணி நேரத்துல 1000 மில்லி குளுக்கோஸ் ஏறணும், செட்டுல 15 சொட்டு ஒரு மில்லி. நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு? 31. இதை வார்டுல, பக்கத்துல பேஷன்ட் முனகிக்கிட்டு இருக்கும்போது போடணும். புள்ளி ஒரு இடம் தள்ளிப்போனா மருந்து பத்து மடங்கு. இங்கே அரை மார்க் போடற வேலையே கிடையாது.

இன்னொரு விதி. தியரிக்கு 80 சதவிகித அட்டெண்டன்ஸ் இருந்தா பரீட்சை எழுதலாம். ஆனா டிகிரி கைக்கு வரணும்னா பிராக்டிகல்ல 100 சதவிகிதம் வேணும். காய்ச்சல்னு லீவு போட்டீங்களா? அந்த நாட்களை வார்டுல திரும்பப் பார்த்துக் கொடுக்கணும். எட்டாவது செமஸ்டர் முழுக்க இன்டர்ன்ஷிப், வாரத்துக்கு 48 மணி நேரம். ஃப்ரெண்டு ஆர்ட்ஸ் காலேஜ்ல கல்ச்சுரல்ஸ் போட்டோ அனுப்புவான்... நீங்க நைட் டியூட்டில இருப்பீங்க!

அடுத்து பாகாயம் பஸ் ஏறுங்க. அங்கே 1957-ல் ஆரம்பித்த மனநல மையம் இருக்கு. நோயாளியோட வீட்டு ஆள் ஒருத்தரும் கூடவே தங்குவது அங்கே வழக்கம். மனநல நர்சிங் பாடத்துல குடும்பத்தைப் பத்தி ஏன் பக்கம் பக்கமா எழுதியிருக்காங்கன்னு அங்கே தெரியும். சினிமா காட்டற சங்கிலி, கம்பி ஜன்னல் எல்லாத்தையும் பஸ்லயே விட்டுட்டு இறங்குங்க.

எனக்குப் பிடிச்ச இடம், வேலூரைச் சுத்தியிருக்கிற கிராமங்கள்தான். கம்யூனிட்டி போஸ்டிங் வந்தா மாணவர்கள் பையோட வீடு வீடா போவாங்க. அந்தப் பைக்கே தனிப் பாடம் இருக்கு, பேரு 'பேக் டெக்னிக்'. திண்ணையில பழைய நியூஸ் பேப்பரை விரிச்சு அதுமேலதான் பையை வைக்கணும். கையைக் கழுவின பிறகுதான் பையில இருக்கிற சாமானைத் தொடணும். பாட்டிக்கு பி.பி. பார்க்கறதுக்குள்ள, 'முதல்ல காபி குடி தாயி'ன்னு டம்ளர் வந்துடும். ஏ.சி. ஐ.சி.யூ.வுல மெஷின் எல்லாத்தையும் சொல்லிடும். இங்கே உப்பு டப்பா, தண்ணித் தொட்டி, மருமகளோட மூஞ்சி இதெல்லாம்தான் ரிப்போர்ட்.

சரி, எல்லாருக்கும் இந்த ஊர்ல சீட் கிடைக்காது. வேற கல்லூரிக்குப் போறவங்க காதைக் கொடுங்க. சில இடங்கள்ல கட்டடம் பளபளன்னு இருக்கும், ஆஸ்பத்திரி பேருக்குத்தான் இருக்கும். பி.எஸ்சி. நடத்தற கல்லூரிக்கு 100 படுக்கை மருத்துவமனை வேணும்கிறது இந்திய நர்சிங் கவுன்சிலோட விதி. படுக்கை இருந்தா போதுமா? அதுல பேஷன்ட் வேணுமே! ஒரே அரசு ஆஸ்பத்திரியில நாலு கல்லூரிப் பிள்ளைகள் ஒரு பிரசவத்துக்காகக் காத்து நிக்கறதும், கடைசியில சீனியர் கேஸ் புக்கை வாங்கி அப்படியே காப்பி அடிக்கறதும் நடக்குது. அப்படி ஒருத்தர் நாளைக்கு மலையடிவார ஹெல்த் சென்டர்ல நடுராத்திரி தனியா நின்னா, நோட்டுல இருக்கிற 20 பிரசவம் கைக்கு வராது.

அதனால அட்மிஷனுக்கு அப்பாவோட போகும்போது ஹாஸ்டல் மெனு, ஃபாரின் பிளேஸ்மென்ட் எல்லாம் கேளுங்க, தப்பில்லை. கூடவே, 'லேபர் ரூம் எங்கே இருக்கு? போன மாசம் அங்கே எத்தனை பிரசவம் ஆச்சு?'ன்னும் கேளுங்க. கேட்டதும் ஆபீஸ்ல அவங்க ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்கன்னா, ஃபாரத்தை மடிச்சுப் பையில வெச்சுக்கிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிங்க.