சுமை ஏற்றிப் பார்த்தல்

மூன்று வாரங்களாக என்னை அலைக்கழித்த ஒரு காரும் மூன்றாண்டுகளாக எழுதிவரும் ஓர் ஆய்வேடும் சென்ற வெள்ளிக்கிழமை ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொண்டன. நண்பர்கள் சிலருக்குத் துண்டுதுண்டாகச் சொன்னதை இங்கே முழுமையாக எழுதிவைக்கிறேன்.

கள ஆய்வுக்காக வாங்கிய பழைய கார் அது. ஐதராபாத்தின் ஏப்ரல் வெயிலில் அதன் ஏசி விந்தையாக நடந்துகொண்டது. காலையில் நன்றாகக் குளிரும். நண்பகல் நெரிசலில் அரைமணி நேரம் நின்றால், காற்று அதே வேகத்தில் வரும், குளிர் மட்டும் இராது. சற்று நேரம் நிறுத்திவைத்தால் மீண்டும் சரியாகிவிடும். ஒரு பணிமனையில் காலை ஒன்பது மணிக்கு விட்டேன். வாயு அழுத்தத்தைப் பார்த்தார்கள், சரியாக இருந்தது. பிறகு ஒரு மின்னளவியை வைத்துப் பார்த்துவிட்டு, "மின்சாரம் வருகிறது, ஆகவே கம்ப்ரஸர்தான் போய்விட்டது" என்றார்கள். இருபத்திரண்டாயிரம் ரூபாய். உதவித்தொகை இரண்டு மாதமாக வராத நிலையில் அது என்னால் நினைத்துப் பார்க்கவும் இயலாத தொகை.

ஒரு நண்பர் சொல்லி, பழைய நகரத்தில் கார் மின்வேலை மட்டும் பார்க்கும் ஒரு பெரியவரிடம் சென்றேன். அவர் காரைத் திறக்கவே இல்லை. எப்போது நிற்கிறது, நின்றபின் எவ்வளவு நேரம் கழித்து வருகிறது என்று இரண்டு கேள்விகள் கேட்டார். "பிற்பகல் இரண்டு மணிக்கு ஓட்டிக்கொண்டு வாருங்கள், எஞ்சினை அணைக்காதீர்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். பழுது நிகழும் வேளையில்தான் பழுதைப் பார்க்க முடியும் என்பது அவர் கட்சி.

இரண்டு மணிக்குப் போனேன். குளிர் நின்றிருந்தது. முன்மூடியைத் திறந்து காட்டினார். கம்ப்ரஸரின் கப்பி பெல்ட்டோடு சுழன்றுகொண்டிருந்தது. அதன் முன்னே உள்ள கிளட்ச் தட்டு அசையாமல் நின்றது. மின்காந்தம் அந்தத் தட்டை இழுத்துப் பிடித்தால்தான் கம்ப்ரஸர் இயங்கும். பியூஸ் நன்றாக இருந்தது. அடுத்து ஏசியின் ரிலேயைக் கழற்றி, பக்கத்தில் இருந்த அதே வகை ஹாரன் ரிலேயோடு இடம் மாற்றினார். ஏசியின் ரிலேயை வைத்து ஹாரன் ஒலித்தது. ஹாரனின் ரிலேயை வைத்தும் கிளட்ச் ஒட்டவில்லை. ஆகவே ரிலே குற்றவாளி இல்லை. மொழியியல் முதல் பருவத்தில் நாங்கள் கற்கும் பதிலீட்டுச் சோதனை இதுவேதான்: சூழலை அப்படியே வைத்துக்கொண்டு ஓர் உறுப்பை மட்டும் மாற்றிப் பார்ப்பது. ஏசி பொத்தானை அழுத்தும்போதெல்லாம் ரிலேயில் 'டிக்' என்ற ஓசை எழுந்தது. கட்டளை அனுப்பும் பக்கமும் அழுத்த ஸ்விட்சும் சரி என்பதற்கு அதுவே சான்று என்றார்.

பிறகு கிளட்சுக்குச் செல்லும் இணைப்பைக் கழற்றி, இரு முனைகளிலும் மின்னளவியை வைத்தார். 13.6 வோல்ட். எனக்கு நெஞ்சு கனத்தது. பணிமனையில் சொன்னது உண்மைதான், கம்ப்ரஸர்தான் போய்விட்டது என்று எண்ணினேன். அவர் சிரித்தார். இணைப்பை மீண்டும் மாட்டி, பின்புறமாக ஊசியைச் செருகி அளந்தார். வரும் கம்பியில் அதே 13.6. எர்த் கம்பிக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையில், சுழியத்தை ஒட்டி இருக்க வேண்டிய இடத்தில், 5 வோல்ட்! கிளட்சுக்குக் கிடைத்தது எஞ்சிய 8.6 வோல்ட் மட்டுமே. எர்த் கம்பி பேட்டரித் தட்டின் அடியில் வண்டியின் உடலோடு திருகப்பட்டிருந்தது. அமிலம் பட்டு அந்த இடம் பூத்துப் போயிருந்தது.

மின்னளவி ஏறக்குறைய மின்னோட்டமே எடுப்பதில்லை. அதனால் அரித்துப்போன இணைப்பும் அதற்கு முழு மின்னழுத்தத்தைக் காட்டிவிடும். கிளட்ச் என்ற உண்மையான சுமை ஏறும்போதுதான் அந்தத் தடை வெளிப்படும். காலையில் சுருள் குளிர்ந்திருப்பதால் கிடைக்கும் குறைந்த மின்னழுத்தமே தட்டை இழுக்கப் போதுமாயிருந்தது. சூடு ஏற ஏறச் சுருளின் தடை கூடி, மின்னோட்டம் குறைந்து, இழுவிசை தோற்றுவிடுகிறது.

உப்புத்தாளால் தேய்த்து, புதிய முனை வைத்து, திருகி முடித்தார். 'டக்' என்று கிளட்ச் ஒட்டியது. இருநூற்றைம்பது ரூபாய். பணத்தை வாங்கிக்கொண்டே கேட்டார்: "கம்ப்ரஸர் கயா போல்கே கோன் போலே?"

அந்த வாக்கியம் என்னை அங்கேயே நிறுத்திவிட்டது. கம்ப்ரஸர் போய்விட்டது என்று யார் சொன்னார்கள்? தமிழும் தக்கினியும் சொல்லுக்குச் சொல் ஒரே வரிசை. 'போல்கே' என்றால் 'சொல்லி'. நம் 'என்று', தெலுங்கின் 'அனி', மராட்டியின் 'ம்ஹணூன்' ஆகியவை செய்யும் அதே வேலையைத் தக்கினியில் அது செய்கிறது. உருதுவின் 'கி' தொடருக்கு முன்னே வரும். 'போல்கே' தொடரை முடித்துவைத்துப் பின்னே வரும். என் ஆய்வேட்டின் மூன்றாம் இயலே இதைப் பற்றியதுதான். இளம் பேச்சாளர்களிடம் 'போல்கே' தேய்ந்து 'கி' இடம்பிடித்துவிட்டது என்பது அதில் நான் வந்தடைந்திருந்த முடிவு.

எந்தச் சான்றின்மேல்? அமைதியான அறையில், ஒலிப்பதிவுக் கருவி முன்னே, தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "இதை எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்டுப் பெற்ற விடைகளின்மேல். பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவரிடம் 'நல்ல' உருது பேச வேண்டும் என்று அவர்கள் நினைத்திருக்க மாட்டார்களா? வில்லியம் லபோவ் 1972இலேயே பெயரிட்ட சிக்கல் இது: கவனிக்கப்படாதபோது மக்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்பதை, கவனித்துத்தான் அறிய வேண்டியிருக்கிறது. தேர்வுத்தாளில் இதைப் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதியிருக்கிறேன். கள ஆய்வில் மறந்துபோனேன்.

அன்றிரவு, சத்தம் அதிகம் என்று ஒதுக்கிவைத்திருந்த ஒலிப்பதிவுகளைத் திறந்தேன். தேநீர்க்கடைப் பேச்சு, திருமண வீட்டுச் சச்சரவு, அண்ணன் தம்பி பணத் தகராறு. அறையில் 'கி' சொன்ன அதே இளைஞர்கள், கோபத்திலும் அவசரத்திலும், "போல்கே, போல்கே" என்று அடுக்கிக்கொண்டே போகிறார்கள். நான் அவற்றைப் பேச்சுப் பிழை என்று ஓரத்தில் குறித்திருக்கிறேன். அந்தக் குறிப்புகளை என் கையெழுத்திலேயே பார்த்தபோது வெட்கமாக இருந்தது.

அறையில் பெற்ற விடைகள் பொய்யல்ல. 13.6 வோல்ட்டும் பொய்யல்ல. அது வேறொரு கேள்விக்கான சரியான விடை. முறையான பேச்சில் 'கி' வலுவாக இருக்கிறது என்று நான் சொல்லலாம். 'போல்கே' தேய்கிறது என்று சொல்ல என்னிடம் இப்போது சான்று இல்லை.

திங்கட்கிழமை நெறியாளரிடம் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மூன்றாம் இயலை எடுத்துவிடுங்கள், முதலில் பதிவுகளை எழுத்தாக்குங்கள்" என்றார். ஆகஸ்டில் ஒப்படைக்க முடியாது. உதவித்தொகை அதற்குள் முடிந்துவிடும். ஆறு மாதங்களை எப்படி ஓட்டுவது என்று இன்னும் தெரியவில்லை. பகுதிநேரக் கற்பித்தல் பணி ஏதேனும் இருந்தால் சொல்லுங்கள்.

கள ஆய்வு செய்யும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. நீங்கள் உங்கள் தரவைச் சுமை ஏற்றி அளப்பது எப்படி? கேட்டுப் பெற்ற வாக்கியங்களும் இயல்பான பேச்சும் முரண்பட்டபோது எதை, எந்த அடிப்படையில் கைக்கொண்டீர்கள்? கீழே எழுதுங்கள். இந்த முறை நான் முதலில் கேட்டுக்கொள்கிறேன்.