குருதி அறியாத கணக்கு

பழவேற்காட்டு ஏரியைச் சுற்றியுள்ள மீனவர் குப்பங்களில் ‘பாடு’ என்றொரு முறை வழிவழியாக நிலவி வருகிறது. மீன்படும் இடங்களைப் பகுத்து, இன்ன நாளில் இன்னார் வலையிடுவது என்று முறை வைத்துக்கொள்வர். எவருடைய முறை என்று வந்தது, அடுத்து என்று வரும் என்பதை ஊர்ப் பெரியவர்கள் பிறழாமல் சொல்வர். ஒருவர் முறையில் மற்றொருவர் வலையிட்டால் ஊர் கூடிவிடும். இத்துணை நுட்பமாகக் கணக்குப் பேணும் எம்மவர், தம் பிள்ளைகளின் தலையில் விழுந்த அடிகளுக்கு மட்டும் கணக்கு வைத்ததில்லை.

எங்கள் பக்கத்து இளைஞர்க்குக் கபடி உயிர். துடுப்பும் வலையும் பழகிய தோள்கள், பாடி வருபவனை எளிதில் விடுவதில்லை. முழங்கால் நெற்றியில் மோதும். பின்தலை தரையில் அறையும். விழுந்தவன் சற்று நேரம் விழிப்பான். எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு மீண்டும் ஆடுவான். “கொஞ்சம் கிறுகிறுத்தது” என்பதோடு பேச்சு முடியும். கடலிலும் இதுவேதான். முகத்துவாரத்தில் அலை தூக்கியெறியும்போது படகின் விளிம்பில் தலை மோதினாலும், மறுநாள் விடியலில் தொழிலுக்குப் போக வேண்டும்.

அந்தக் கிறுகிறுப்புக்கு மருத்துவர் இட்ட பெயர் மூளையதிர்ச்சி. மண்டையோடு உடைவதில்லை, குருதி சிந்துவதில்லை, பெரும்பாலும் நினைவும் தப்புவதில்லை. ஆயினும் ஓட்டுக்குள் மூளை குலுங்கி, அதன் நுண்ணிழைகள் இழுபட்டு, பணி தடுமாறுகிறது. ஒருமுறை இவ்வாறு அடிபட்டவர்க்கு மறுமுறையும் நேரும் வாய்ப்பு மிகுதி. முதல் அடி ஆறுமுன் அடுத்த அடி விழுமாயின் தீங்கு பெரிது.

என் தமக்கை மகன் கபடியால் சென்னைக் கல்லூரியொன்றில் இடம் பெற்றவன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த இரண்டாமவன். இரண்டாம் ஆண்டில் ஒரு போட்டியில் தலையில் அடிபட்டு வீடு வந்தான். வெளிச்சத்தைக் கண்டால் கண் கூசிற்று. நான்கு வரி படித்தால் தலை வலித்தது. அம்மா அழைத்தால் எரிந்து விழுந்தான். மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். சி.டி. படத்தில் குறையேதும் இல்லை. மருத்துவர் அவனிடம் கேட்டார்: “இதற்கு முன்னர் எத்தனை முறை இப்படி அடிபட்டது?”

அவன் என்னைப் பார்த்தான். பின்னர்த் தரையைப் பார்த்தான். “நினைவில்லை, ஐயா” என்றான். நினைவிருந்தது என்பதை அவன் முகம் காட்டிற்று. சொன்னால் அணியில் இடம் போகும். அணி போனால் கட்டணச் சலுகை போகும். தமக்கை பதைத்துக் கேட்டார்: “இரத்தத்தைச் சோதித்தால் தெரியாதா, ஐயா?”

அது அறியாமையால் எழுந்த வினா அன்று. உலகின் பெரிய ஆய்வுக்கூடங்களில் ஆராயப்படும் வினா. மூளை உயிரணுக்கள் சிதையும்போது அவற்றிலுள்ள சில புரதங்கள் குருதியில் கலக்கின்றன. ஜி.எஃப்.ஏ.பி. என்பது நரம்பணுக்களைத் தாங்கி நிற்கும் அணுக்களிலிருந்தும், யு.சி.எச்.-எல்1 என்பது நரம்பணுக்களிலிருந்தும் வருவன. இவ்விரண்டையும் அளக்கும் சோதனைக்கு அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018 பிப்ரவரியில் இசைவளித்தது. தலையில் அடிபட்ட பெரியவர்க்கு சி.டி. படம் தேவையா என்று முடிவு செய்யவே அச்சோதனை துணையாகும். 2014இல் அந்நாட்டுக் கல்லூரி விளையாட்டு வீரர்களிடையே ‘கேர்’ என்னும் கூட்டாய்வு தொடங்கப்பட்டது. மூளையதிர்ச்சிக்குப்பின் இப்புரதங்களின் அளவு உயர்வதை அவ்வாய்வு காட்டியது.

எனினும் அடிபட்டவர் அளவும் அடிபடாதவர் அளவும் பல வேளைகளில் ஒன்றோடொன்று கலந்து நிற்கின்றன. உயர்ந்த அளவும் சில நாள்களில் தணிந்துவிடுகிறது. ஆகவே ஒருவரது குருதியைக் கொண்டு அவர் முன்னர் எத்தனை முறை அடிபட்டார் என்று உறுதியாகச் சொல்லும் நிலை இன்னும் வரவில்லை. 2022இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய விளையாட்டு மருத்துவ வல்லுநர் மாநாடும் இச்சோதனைகளை அன்றாட மருத்துவத்திற்குப் பரிந்துரைக்கவில்லை. அம்மருத்துவர் தமக்கையிடம் சுருங்கச் சொன்னது இதுவே: “அம்மா, பழைய கணக்கை இரத்தம் சொல்லாது, பிள்ளைதான் சொல்ல வேண்டும்.”

புகழ்பெற்ற வீரர்க்கு இக்கணக்கைப் பேண ஆயிரம் கண்கள் உண்டு. 1962இல் பார்படாசில் பந்து தாக்கி மண்டையோடு உடைந்த இந்திய அணித்தலைவர் நாரி காண்ட்ராக்டருக்கு, எதிரணித் தலைவர் ஃபிராங்க் வொரெல் குருதி வழங்கினார். அது எவரும் காணத்தக்க காயம். காணவியலாத காயத்திற்கும் இன்று விதி உண்டு. 2020 டிசம்பரில் கான்பெராவில் ரவீந்திர ஜடேஜாவின் தலைக்கவசத்தைப் பந்து தாக்கியபோது, அவருக்கு மாற்றாக யுஸ்வேந்திர சாஹல் இறங்கினார். ஜடேஜா இடத்தை விட்டதனால் அவர் வாழ்வு குலையவில்லை. கடற்கரை மணலில் ஆடும் பிள்ளைக்கு அத்தகைய உறுதியை யார் தருவார்?

என் மருகன் பின்னர் மருத்துவரிடம் தனித்துச் சென்று உண்மையைச் சொன்னான்: அதற்குமுன் மூன்று முறை. அவ்வாண்டு அவன் ஆடவில்லை, தலைவலி மெல்லத் தணிந்தது, தேர்வும் எழுதினான். ஆனால் அவன் அஞ்சியபடியே கட்டணச் சலுகை நின்றது. தமக்கை நண்டும் இறாலும் விற்று எஞ்சிய கட்டணத்தைச் செலுத்தினார். உண்மை சொன்ன பிள்ளைக்கு நாம் விதித்த தண்டம் அது. அதைக் கண்ட அவன் தோழர்கள் என்ன கற்றிருப்பர் என்று எண்ணும்போது நெஞ்சம் கலங்குகிறது.

ஆசிரியப் பெருமக்களும் ஊர்ப் பெரியவர்களும் மனம் வைத்தால் இதைத் திருத்துவது அரிதன்று. ஒவ்வொரு கல்லூரியின் உடற்கல்வித் துறையிலும், குப்பத்துக் கபடிக் குழுவிலும் ஒரு குறிப்பேடு இருக்கட்டும். தலையில் அடிபட்ட நாள், அடிபட்ட விதம், பார்த்தவர் பெயர், மீண்டும் ஆடிய நாள் ஆகியவற்றை அதில் எழுதுவோம். ஐயம் எழுந்தால் அன்று ஆட்டம் நிற்கட்டும். முதல் ஓரிரு நாள் ஓய்வு. பின்னர் மருத்துவர் அறிவுரைப்படி படிப்படியாகப் பயிற்சி. வாந்தி தொடர்ந்தாலும், தலைவலி ஏறினாலும், வலிப்பு வந்தாலும், எழுப்பியும் விழிக்காது உறங்கினாலும் உடனே மருத்துவமனை சேர்ப்போம்.

இவையனைத்திற்கும் முதலாக, தலையில் அடிபட்டு ஓய்ந்த மாணவனுக்கு இடமும் சலுகையும் குறையா என்று நிருவாகத்தினர் எழுத்தில் உறுதி தர வேண்டும். அவ்வுறுதி கிட்டினால் மாணவச் செல்வங்கள் மறைக்க மாட்டார்கள். பாட்டுக்கு முறை பிறழாது கணக்குப் பேணும் ஊர் எங்களுடையது. பிள்ளைகளின் தலைக்கும் ஓர் ஏடு திறக்க அதற்கு இயலும்.